கூம்பாக நிற்பதெல்லாம் எரிமலையா?

சிவனொளிபாதமலைக்கு ஏறி இறங்கிய பலரது மனத்தில் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கும். சுற்றியுள்ள மலைகள் தொடர்தொடராக நீள, 2243 மீற்றர் உயரமுள்ள இந்த ஒன்று மட்டும் ஏன் தனித்து, நுனி கூர்த்த கூம்பாக நிற்கிறது? பாடப்புத்தகத்தில் எரிமலைக்கு வரைந்திருக்கும் படமும் இதே வடிவம்தானே? வலப்பனை, இராகலைப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இதை நேராகவே கேட்பார்கள்: "சேர், இது அந்தக் காலத்தில நெருப்புக் கக்கின மலையா?" சந்தேகத்துக்குத் துணையாக வேறு இரண்டு சங்கதிகளும் உண்டு. திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர் ஊறுகிறது. நம் மலைகளை எங்கே வெட்டினாலும் கறுத்த, கடினமான கல் தென்படுகிறது.

விடை, இல்லை என்பதுதான். சிவனொளிபாதமலையும் எரிமலை அல்ல, பீதுருதாலகாலையும் அல்ல. இலங்கையில் எரிமலையே கிடையாது. ஆனால் 'இல்லை' என்று சொல்லி முடித்துவிடுவதில் அறிவியல் எதுவும் இல்லை. எப்படித் தெரியும் என்பதில்தான் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் நம் மலைகளைப் பற்றி நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வேறோர் உண்மையும் கிடைக்கும்.

முதலில் ஓர் உண்மையான எரிமலையில் ஏறிப் பார்ப்போம். இந்துமாக்கடலில், நமக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் தொலைவில், மடகாஸ்கருக்குக் கிழக்கே தனியாகக் கிடக்கிறது ரீயூனியன் தீவு. பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது; பரப்பு 2512 சதுர கிலோமீற்றர். நம் முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்குமாக இந்த மலைகளுக்கு வந்த அதே 19ஆம் நூற்றாண்டில், தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு பகுதியினர் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே கோயில் கட்டி, தீமிதித்து வாழ்கிறார்கள்.

அந்தத் தீவின் தென்கிழக்கில் 2632 மீற்றர் உயரத்தில் நிற்கிறது 'பிற்றோன் த லா ஃபூர்னேஸ்'. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. அமைதியாக இருக்கும் காலத்தில் மக்கள் அதன் உச்சிக்கு நடந்து போகிறார்கள். பெரிய மதில் மாதிரி வளைந்து நிற்கும் ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் பாதை தொடங்குகிறது. படிகளில் இறங்கினால் கீழே கறுத்த பாறைவெளி. மரம் இல்லை, மண் இல்லை. புல்கூட அரிதாகத்தான் முளைத்திருக்கும். வழியில் ஒரு சின்னஞ்சிறு செந்நிறக் கூம்பு. அதைத் தாண்டி மேலேறினால் உச்சியில் ஆழமான பெருங்குழி.

அங்கே நடப்பவர் காலடிக் கல்லைக் குனிந்து பார்த்தால் மூன்று அடையாளங்களைக் காணலாம். ஒன்று, கல்லின் மேற்பரப்பு முறுக்கிய வடங்களாகச் சுருண்டிருக்கும். 1100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் ஓடிய எரிமலைக்குழம்பு, மேல்தோல் இறுகும்போதே உள்ளே ஓடிக்கொண்டிருந்ததன் தடம் அது. இரண்டு, கல்லெங்கும் பொத்தல்கள் இருக்கும். குழம்பில் கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாகப் பிரிந்து வெளியேறிய இடங்கள் அவை. மூன்று, கல்லின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையாக இருக்கும். இடையிடையே ஒலிவின் என்ற பச்சைக் கனியம் மட்டும் சில இடங்களில் மின்னும். இந்தக் கறுத்த கல்லின் பெயர் பசால்ட். செங்குத்துப் பாறையின் முகத்தைப் பார்த்தால் ஒரு குழம்போட்டத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று அடுக்குகள் தெரியும். கீழிருந்து வந்த பொருள் மேலே கொட்டக் கொட்ட வளர்ந்த மலை அது.

மணிகள் ஏன் நுண்மையாக இருக்கின்றன? சீனிப்பாகைத் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் பொடிமணிகளாக இறுகிவிடுகிறது. அதே பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் நாள்கணக்கில் வைத்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு விளைகிறது. பொருள் ஒன்றுதான்; கிடைத்த அவகாசம்தான் வேறு. கனியங்களுக்கும் இது பொருந்தும். காற்றுபட்ட குழம்பு மணித்தியாலங்களில், நாட்களில் இறுகிவிடுவதால் மணிகள் பெருக்க நேரமில்லை. நிலத்துக்கு அடியில், சூடு இறங்காமல் இலட்சக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும் பாறையில் கனியங்கள் பெரிதாக விளைகின்றன.

இப்போது இராகலைக்கும் வலப்பனைக்கும் இடையில் வீதிக்காக மலையை வெட்டிய ஓர் இடத்தில் நின்று பாருங்கள். வடம் மாதிரிச் சுருண்ட மேற்பரப்பு இல்லை. வாயுக் குமிழியின் பொத்தலும் இல்லை. பாறையில் வெளிர்நிறப் பட்டையும் கருநிறப் பட்டையும் மாறி மாறி ஓடுகின்றன. சில இடங்களில் அவை மடிந்து வளைந்திருக்கின்றன. மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன: பளபளக்கும் குவார்ட்ஸ், வெள்ளையான பெல்ஸ்பார், கறுத்த பைரொக்சீன். பல இடங்களில் கார்னட் என்னும் சிவப்புக் கனியம் மிளகளவில் பதிந்திருக்கிறது. பசால்ட் காட்டும் மூன்று அடையாளங்களில் ஒன்றும் இங்கே இல்லை. கறுப்பாக இருப்பதால் மட்டும் ஒரு கல் எரிமலைக்கல் ஆகிவிடாது.

அப்படியானால் இது என்ன கல்? இதற்கு உருமாறிய பாறை என்று பெயர். ஏற்கெனவே பாறையாக இருந்த ஒன்று, முழுதாக உருகாமலே, கடும் சூட்டாலும் அழுத்தத்தாலும் உள்ளே புதுக் கனியங்கள் விளைந்து வேறு பாறையாக மாறியது. பட்டைகளாகப் பிரிந்திருக்கும் வகையை நைஸ் என்பார்கள். பட்டையில்லாத, எண்ணெய் பூசியது போன்ற பச்சை கலந்த கருநிறம் கொண்ட இன்னொரு வகை சார்னகைட். இந்தப் பெயரின் பின்னால் தமிழ்நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவோடு பெயர் பிணைந்த ஆங்கில வணிகர் ஜோப் சார்னொக்கின் கல்லறைக் கல், சென்னையிலிருந்து கொண்டுபோன கருங்கல்லால் ஆனது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் 1893இல் அதை ஆராய்ந்து, சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் அதே கல்லுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்துக் கல்லும் நம் மலையகத்துக் கல்லும் ஒரே குடும்பம்.

இலங்கையின் இந்தப் படிகப் பாறைகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர், பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்த அவர் இலங்கைக் கனியவள அளவைப் பிரிவின் முதல் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை இருந்தார். தோரியனைற் என்ற புதிய கனியத்தை 1904இல் கண்டவரும் அவரே. கீழைக்கலையின் பேரறிஞராக நாம் அறிந்த மனிதர், அதற்கு முன் சுத்தியலோடு இந்த மலைகளில் கல்லுடைத்துப் பார்த்தவர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பாறை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் கிடந்தது என்பதை எப்படி அறிகிறார்கள்? கனியங்களே அதைப் பதிந்து வைத்திருக்கின்றன. கார்னட்டும் அதை அடுத்திருக்கும் பைரொக்சீனும் இரும்பு, மக்னீசியம் அணுக்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கு வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். வேறு சில கனியச் சோடிகளின் பங்கீடு அழுத்தத்தைப் பொறுத்தது. ஆய்வுக்கூடத்தில் இதே பொருட்களைத் தெரிந்த சூட்டிலும் தெரிந்த அழுத்தத்திலும் வைத்து, எந்த நிலையில் எந்தப் பங்கு அமைகிறது என்று அட்டவணை தயாரித்திருக்கிறார்கள். நம் மலைப் பாறையின் சீவலை எடுத்து, கனியங்களின் இயைபை அளந்து, அந்த அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். வரும் விடை வியப்பூட்டுவது. மத்திய மலைநாட்டுப் பாறைகள் நிலமட்டத்திலிருந்து 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில் கிடந்தவை. சூடு 700 பாகைக்கு மேல்; சில இடங்களில் 900 பாகையையும் தாண்டியிருக்கிறது.

எரிமலைக்குழம்பின் சூட்டை நெருங்கியும் இவை ஏன் உருகி வழியவில்லை? பாறையில் நீர் கலந்திருந்தால் அது குறைந்த சூட்டிலேயே உருகும். நீர் வெளியேறி உலர்ந்த பாறைக்கு அதைவிட மிக அதிக சூடு தேவை. நம் பாறைகள் அந்த ஆழத்தில் நீரை இழந்து உலர்ந்தவை. சிறு பகுதிகள் மட்டும் உருகின. பாறைச்சுவரில் சில இடங்களில் தெரியும் வெளிர்நிற நரம்புகள் அந்த உருகலின் மிச்சம். மற்றதெல்லாம் திண்மமாகவே கிடந்து மாறியது.

காலத்தைச் சொல்வது சிர்கோன் என்ற மணல் போன்ற நுண்கனியம். அது விளையும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும்; ஈயத்தை ஏற்காது. உள்ளே சென்ற யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகச் சிதைகிறது. இன்று அதனுள் எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் விளைந்த காலம் தெரிந்துவிடும். மலைநாட்டுச் சிர்கோன்கள் பலவற்றில் மையம் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஓரத்தில் படிந்த விளிம்போ ஏறத்தாழ 55 கோடி ஆண்டு வயதுடையது. அதாவது மிகப் பழைய ஒரு நிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட மணலும் சேறும் படிந்து, புதைந்து, 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து மாறியிருக்கின்றன. அப்போது இந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவை கொண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒன்றுசேர, இலங்கை அவற்றின் நடுவே சிக்கியிருந்தது. கண்டங்கள் மோதி நெரிந்ததில் நிலம் தடித்து, அடிப்பாறை அந்த ஆழத்துக்கு அமிழ்ந்தது.

இனிக் கூம்பு வடிவத்துக்கு வருவோம். களனி, களு, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் சிவனொளிபாத மலைத்தொகுதி தலைநீர் தருகிறது. உறுதியான ஒரு பாறைத்திரளைப் பல பக்கங்களிலிருந்தும் நீர் அரித்தெடுத்தால் நடுவில் மிஞ்சுவது கூர்மையான உச்சிதான். சூரிய உதயத்தில் மேற்கே விழும் முக்கோண நிழலும் பலரை மயக்குகிறது. பல கிலோமீற்றர் நீளும் நிழலின் இரு ஓரங்களும் தொலைவு செல்லச் செல்ல நெருங்கி ஒரு புள்ளியில் கூடுவதாகக் கண்ணுக்குத் தோன்றும். உச்சியில் நின்று பார்ப்பவருக்கு உயர்ந்த மலை எதன் நிழலும் முக்கோணமாகவே தெரியும். அதிலிருந்து மலையின் பிறப்பைக் கணிக்க முடியாது.

வடிவம் எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். ரீயூனியனில் 'பிற்றோன் தெ நேஜ்' என்ற இன்னொரு மலை உண்டு. உயரம் 3000 மீற்றருக்கு மேல். அணைந்துபோன எரிமலை அது. ஆனால் அங்கே கூம்பு எதுவும் மிஞ்சவில்லை. ஆழமான மூன்று பெரும் பள்ளத்தாக்குகளாக அரிக்கப்பட்டுவிட்டது. அந்தத் தீவின் மழை அப்படிப்பட்டது. 1966 ஜனவரியில் அங்குள்ள ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 24 மணித்தியாலத்தில் 1825 மில்லிமீற்றர் பெய்தது உலகச் சாதனை. நுவரெலியா நகருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழைக்கு ஏறக்குறைய ஈடான நீர், ஒரே நாளில். உண்மையான எரிமலை நம் பள்ளத்தாக்குகளின் தோற்றத்தில் இருக்கிறது. எரிமலையல்லாத நம் மலை எரிமலைத் தோற்றத்தில் நிற்கிறது. பிறப்பைக் கேட்க வேண்டியது கல்லிடம்தான்.

கன்னியாவின் வெந்நீர்? பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். பொதுவாகக் கிலோமீற்றருக்கு 25 பாகை அளவில். மழைநீர் ஆழமான வெடிப்புகளின் வழியே இறங்கிச் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலேறினால் வெந்நீராக ஊறும். மகாஓயாவில் ஊறுவதும் இவ்வகையே. எரிமலை தேவையில்லை.

நமக்கு ஏன் எரிமலை வாய்க்கவில்லை என்ற கேள்விக்கும் ரீயூனியனே விடை தருகிறது. அந்தத் தீவின் கீழே, பூமியின் ஆழத்திலிருந்து சூடான பொருள் இடைவிடாது மேலெழும் ஓரிடம் உள்ளது. சூட்டிடம் என்று அதைச் சொல்லலாம். மேலே நிலத்தட்டுகள் நகர்ந்துகொண்டிருக்க, சூட்டிடம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால் கடந்துபோகும் தட்டில் எரிமலைகள் வரிசையாகப் பிறக்கின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்குப் பகுதி அதன் மேலிருந்தது. தக்காணப் பீடபூமியைப் பசால்ட்டால் மூடிய பெருவெடிப்பு அப்போது நிகழ்ந்தது. அஜந்தா, எல்லோராக் குகைகள் அந்தக் கல்லில் குடையப்பட்டவை. 1987இல் ஆய்வுக்கப்பல் ஒன்று இந்துமாக்கடலின் அடியைத் துளையிட்டு அந்தத் தடத்தைச் சோதித்தது. மாலைதீவுப் பகுதியின் கீழே ஏறத்தாழ 5.7 கோடி ஆண்டு, அதற்குத் தெற்கே சாகோஸ் பக்கம் 4.9 கோடி ஆண்டு வயதுள்ள பசால்ட் கிடைத்தது. மொறீசியஸ் ஒரு கோடி ஆண்டுக்கும் இளையது. ரீயூனியன் இன்றும் வளர்கிறது. தெற்கே போகப் போக வயது ஒழுங்காகக் குறைவதே இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று. இந்தியத் தட்டோடு பயணித்த இலங்கை இந்தத் தடத்துக்கு வெகு கிழக்கே விலகிச் சென்றது.

நம் மலைகள் கீழிருந்து கட்டப்பட்டவை அல்ல என்றால், 20 கிலோமீற்றர் ஆழத்துப் பாறை இன்று நம் காலடிக்கு எப்படி வந்தது? மேலிருந்த பாறையெல்லாம் கரைந்து போனதால் வந்தது. மேற்சுமை குறையக் குறைய அடிப்பாறை உயர்ந்தது. உயர்ந்ததை மழை மேலும் அரித்தது. நம் மலை என்பது அரிப்புக்குப் பின் எஞ்சிய பகுதி. எளிதில் கரையாத சார்னகைட்டும், குவார்ட்ஸ் மணிகளாலான குவார்ட்சைட்டும் முகடுகளாக நிற்கின்றன. எளிதில் கரையும் சலவைக்கல் இருந்த இடங்கள் பள்ளங்களாயின.

அந்த அரிப்பின் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் பாறையின் மேல்மட்டத்துக் குவார்ட்ஸ் மணிகளைத் தாக்கும்போது பெரிலியம்-10 என்ற அரிய அணு உருவாகிறது. ஓரிரு மீற்றருக்குக் கீழே கதிர்களின் தாக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். அரிப்பு மெதுவாக இருந்தால் மணி நீண்டகாலம் மேற்பரப்பில் தங்கி நிறையப் பெரிலியம் சேர்க்கும். வேகமாக இருந்தால் குறைவாகச் சேர்க்கும். ஆற்று மணலில் ஒரு பிடி எடுத்தால் அதில் நீரேந்து பரப்பு முழுவதன் மணிகளும் கலந்திருக்கும். இலங்கையரான திலக் ஹேவவசம், ஜெர்மனியரான ஃபொன் பிளாங்கென்பூர்க் முதலியோர் மேல் மகாவலிப் பகுதியில் இவ்வாறு அளந்து 2003இல் வெளியிட்டார்கள். வலப்பனையின் ஓயாக்கள் சேரும் அதே மகாவலிதான். காடு மூடிய சரிவுகள் இயல்பாக இழப்பது ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன். உயரக் கணக்கில் ஆயிரம் ஆண்டுக்கு 5 முதல் 11 மில்லிமீற்றர். பயிர்செய்கை நடக்கும் பகுதிகளிலோ இன்று ஆறுகள் அடித்துச் செல்வது 130 முதல் 2100 தொன் வரை.

இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இயல்பான வேகத்தில் ஓரடி பாறை மண்ணாக மாற ஏறத்தாழ 30,000 முதல் 60,000 ஆண்டு ஆகும். காட்டை அழித்துக் கோப்பி நட்டு, பின் தேயிலை நட்டு, செங்குத்துச் சரிவில் மரக்கறியும் போட்ட இந்த இருநூறு ஆண்டுகளுக்குள் அந்த மண்ணை நாம் பல மடங்கு வேகத்தில் செலவழித்து வருகிறோம்.

எரிமலைத் தீவுக்கும் நம் மலைக்கும் உள்ள வேறுபாட்டை 2007ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அந்த ஜனவரியில் பெய்த கடும்மழையில் வலப்பனை, ஹங்குரன்கெத்தப் பகுதிகளில் மண் சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. அதே ஆண்டு ஏப்ரலில் ரீயூனியனின் எரிமலை பெருவெடிப்பாக வெடித்து, உச்சிக்குழியின் தளம் 300 மீற்றருக்கு மேல் உள்ளிறங்கியது. வழிந்த குழம்பு கடலுக்குள் இறுகிப் புதுநிலமானது. அங்கே இழப்பை ஈடுசெய்யக் கீழிருந்து பொருள் வருகிறது. இங்கே அப்படி எதுவும் வருவதில்லை.

ஆகவே சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி அதைத் தூர்ந்துபோகாமல் காப்பதும், கவ்வாத்து செய்த மலையை மழைக்காலத்தில் வெறுந்தரையாக விடாதிருப்பதும், நிழல்மரங்களைக் காப்பதும் தோட்டத்தின் உபரி வேலைகள் அல்ல. திரும்பக் கிடைக்காத ஒரு முதலைக் காக்கும் வேலைகள். மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட சரிவுகளின் கீழே லயங்களில் இன்னும் வாழும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் கொடுப்பது அவற்றைவிட அவசரமானது. அரிபடுவது இந்த மலையின் இயல்பு என்று கல்லைப் படித்து நாம் அறிந்துகொண்டோம். அறிந்த பிறகும் சரிவின் அடியில் மக்களை வைத்திருப்பதற்கு இயற்கையைக் காரணம் சொல்ல முடியாது.